திருப்பி அனுப்பிய தட்டு

பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இப்படி அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உங்கள் அக்கா வாழ்ந்த வீட்டில் இப்போது வாழ்கிறவள் எழுதுகிறேன். இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். பிரிக்காமலே திரும்பி வந்த எங்கள் கல்யாண அழைப்பின் உறையில் விலாசம் இருந்தது. இதையும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். நான் எழுதுவது உங்கள் அத்தானுக்குத் தெரியாது.

எனக்கும் இது தலை நரைத்த பிறகு நடந்த கல்யாணம்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்களை உட்கார வைத்து, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கேட்டால் பட்டென்று பதில் வர வேண்டும் எனக்கு. வாய்த்தவரோ கேட்டால் சிரிக்கிற மனிதர். போகட்டும், அதற்காக எழுதவில்லை.

போன சனிக்கிழமை என்னை நாடகத்துக்கு அழைத்துப்போனார். கல்யாணமாகி முதல் முறையாக வெளியே போகிறோம். மதியம்கூடச் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். அரங்கத்தின் சுவரை ஒட்டி ஒரு ஹோட்டல் இருக்கிறது. நாடகத்துக்கு முன்னால் சாப்பிட வருகிறவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். அரங்கத்தின் மணி அங்கேயும் அடிக்கும். அதனால் எல்லோரும் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். வயதான சர்வர் ஒருவர் இவரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டார். பிறகு ஒன்றும் கேட்காமல், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மூலை மேசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை. சூப் ஆறிப்போயிருந்தது, உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். மீன் அட்டை மாதிரி. நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திவிட்டேன். அவரோ மருந்து குடிப்பதுபோல் ஒரே சீராகக் குடித்துக்கொண்டிருந்தார். எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்றார். எனக்கு எரிச்சல். சர்வரைக் கூப்பிட்டு, உப்பு கரிக்கிறது, உள்ளே சொல்லுங்கள் என்று தட்டோடு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கொடுத்ததுதான் தாமதம், அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். அடித்துப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். அங்கே அடுப்பருகில் ஒரு தடித்த சமையற்காரர். அவர் தோளைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்து, மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார் இவர். "உடம்புக்கு என்ன பண்ணுது? மறைக்காம சொல்லுங்க." அந்த மனிதர் கரண்டியும் கையுமாக, "எனக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கேன்" என்று விழிக்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு நாடி பார்க்க எங்கே கற்றுக்கொடுத்தார்கள்?

மணி அடித்துவிட்டது. அரங்கத்துக்குப் போனோம். இரண்டு பேருக்கு மூன்று டிக்கெட் எடுத்திருந்தார். வழியோரத்து இருக்கை காலி, அடுத்து அவர், அதற்கடுத்து நான். அந்த இருக்கைகள் ஆள் எழுந்தால் தானாக மடிந்து மேலே போகிறவை. விளக்கு அணைந்தபோது அது மடிந்துதான் இருந்தது. பாதி நாடகத்தில் வெங்காயமும் பாத்திர சோப்பும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஹோட்டல் வாசனை சேலையில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இடைவேளையில் விளக்கு வந்தபோது அந்த இருக்கை கீழே இறங்கியிருந்தது, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல். அவர் அதைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்.

உங்கள் அக்கா வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவர் மனைவி

*

பிப்ரவரி 24

அம்மையீர்,

நான் உங்கள் தங்கை இல்லை. அக்கா என்று கூப்பிட எனக்கு ஒருத்திதான் இருந்தாள்.

எந்த இடம் என்று கேட்கவில்லையாம். உங்களை உட்கார வைத்துச் சோறு போட்ட இடம்தான். அது என் அக்காவின் சமையலறை. அவள் இருந்தவரை அந்த ஹோட்டலில் ஒரு கிண்ணம் திரும்பி வந்ததில்லை. மூலை மேசை அத்தானுடையது. நாடகம் இருக்கிற நாட்களில் அவள் ஊருக்கெல்லாம் சமைத்துக்கொண்டிருப்பாள், அவர் தனியாக உட்கார்ந்து அவள் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய் அரங்கத்தில் இடம் பிடித்து வைத்திருப்பார். ஹோட்டல் கூட்டம் ஓய்ந்ததும் இவள் கையைக் கழுவிக்கொண்டு, சமையல் உடுப்போடு, அரங்கத்தின் பக்கக் கதவைத் தட்டுவாள். காட்சி நடக்கும்போது யாருக்கும் திறக்காத கதவு அது. கதவுக்காரர் இவளுக்கு மட்டும் திறப்பார், இவள் அவருக்கு ஒரு கிண்ணம் புட்டிங் கொண்டுபோவாள். எத்தனையோ நாடகம் பார்த்தவள், ஒன்றுக்கும் ஆரம்பத்தைப் பார்த்ததில்லை. நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் முதல் காட்சிகளை அவளாகவே ஒரு கதை கட்டிச் சொல்வாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கதவைத் தட்டவில்லை. சமையலறைத் தரையில் கிடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தான் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்த பிறகுதான் வந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அவர் ஏன் சமையலறைக்குள் ஓடினார் என்று கேட்கிறீர்கள். ஓட வேண்டிய நாளில் ஓடவில்லை, இப்போது ஓடுகிறார். இருக்கையைப் பற்றி என்னைப் பயமுறுத்தப் பார்க்க வேண்டாம். நான் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், ராத்திரியில் காலிக் கட்டில் கிரீச்சிடுவதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

*

மார்ச் 8

அன்புள்ள நர்ஸம்மா,

தங்கை வேண்டாம் என்றால் இப்படியே இருக்கட்டும். நான் உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, நானே பயந்துபோய் எழுதினேன். பதில் போட்டதற்கு நன்றி, அதில் பாதி திட்டாக இருந்தாலும்.

இருக்கையைப் பற்றி அரங்கத்தில் விசாரித்தேன். போன வருடம்தான் எல்லாவற்றுக்கும் புது ஸ்பிரிங் போட்டார்களாம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. இந்த மனிதர் நான் வைக்கிற எதையும் குறை சொல்வதில்லை. வேலையில் அவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். லிஃப்டுக்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கம்பி தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் கருகினாலும், வேகாவிட்டாலும், 'நல்லா இருக்கு'. ஒரு நாள் வேண்டுமென்றே உருளைக்கிழங்கில் உப்பை இரண்டு மடங்கு போட்டு வைத்தேன். தட்டைக் காலி செய்தார். ஆனால் அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. விளக்கைப் போட்டுப் போட்டு என் முகத்தைப் பார்க்கிறார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் கையை வைக்கிறார். நான் தூங்குவதுபோல் கிடந்தேன். புருஷன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் பெண்ணும் ஆசைப்படுவாள்தான், இப்படி அல்ல. இந்த வீட்டில் நான் ஒரு மனைவியா, இல்லை சாகப்போகிற ஆளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படியே போனால் என்னால் இங்கே இருக்க முடியாது. அதுதான் விஷயம்.

அதனால் நேற்று மதியம், ஹோட்டல் காலியாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். அந்த வயதான சர்வர் கரண்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லில் நார் உரிக்கிற மாதிரி கேட்டுக் கேட்டுத்தான் பேச வைத்தேன். உங்கள் கடிதத்தில் ஒரு கிண்ணமும் திரும்பி வந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்று வந்திருக்கிறது. கடைசி நாளில். உப்பு கூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பியது உங்கள் அத்தானேதானாம்.

அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. எழுந்து வந்துவிட்டேன். இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மறைத்தால் நானும் அவரைப்போல ஆகிவிடுவேன்.

*

மார்ச் 19

அம்மையீர்,

உங்களுக்கு இதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லை என்றால் நாக்கில் உப்பு தெரியாது. வாயால் சொல்ல மாட்டாள், வேலையையும் விட மாட்டாள். வீட்டில் சாப்பாடு கரித்தால் அம்மா திட்டுவதில்லை. எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் கொதிக்கும். எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கியதே இல்லை, இவள் சமையல்தான் தெர்மாமீட்டர் என்று அப்பா கேலி செய்வார்.

கல்யாணத்தன்று நான்தான் அத்தானிடம் சொன்னேன். "உப்பு ஜாஸ்தியா இருந்தா சண்டை போடாதீங்க அத்தான், எந்திரிச்சுப் போய் நெத்தியைத் தொட்டுப் பாருங்க." கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறந்திருக்கவே முடியாது.

அப்படி இருக்க, வாயில் வைத்தார், கரித்தது, தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு நாடகம் பார்க்கப் போயிருக்கிறார். அவள் சொல்லத் தெரியாமல் சூப்பில் சொல்லி அனுப்பினாள், அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடமாக அவரை வெறுத்துக்கொண்டிருந்தபோதும் உள்ளுக்குள் ஒரு மூலையில், பாவம், அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரு குரல் இருந்தது. அதையும் அடக்கிவிட்டீர்கள்.

நீங்கள் அந்த வீட்டில் இருப்பதும் போவதும் உங்கள் விருப்பம். எனக்கு இனி எழுதாதீர்கள்.

*

ஏப்ரல் 6

அன்புள்ள நர்ஸம்மா,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். பாதி கேட்டுவிட்டு ஓடி வந்தது என் தப்பு. மீதியைக் கேட்கத் திரும்பப் போனேன்.

சர்வர் என்னை அந்த மூலை மேசையில் உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை என்று அவரே சொன்னார்.

அன்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்த உடனே, அதன் பின்னாலேயே உங்கள் அத்தானும் எழுந்து போயிருக்கிறார். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று ஹோட்டலில் சட்டம். அதனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று கூப்பிட்டாராம். உங்கள் அக்கா இரண்டு கையிலும் மாவோடு வந்து நின்றாராம். "உடம்பு சுடுதா?" என்று இவர் கேட்க, அவர் நெற்றியை நீட்டினாராம், விளையாட்டாக, சின்னப் பிள்ளை மாதிரி. இவர் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. குளிர்ந்திருந்தது, ஈரமாக இருந்தது. அடுப்படி வேர்வை என்று துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாராம். "காய்ச்சல் இல்ல" என்று சர்வரைப் பார்த்துச் சொன்னாராம், நிம்மதியாக. உங்கள் அக்கா சிரித்திருக்கிறார்.

"போய் உக்காருங்க. விளக்கு அணைஞ்சதும் வந்துடறேன்."

இதுதான் கடைசி. சர்வர் இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது மேசை விரிப்பையே தடவிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று. நீங்கள் நினைப்பதுபோல் அவர் நாடகம் முடியும்வரை சௌகரியமாக உட்கார்ந்திருக்கவில்லை. இடைவேளையில் எழுந்து வந்து ஹோட்டலை எட்டிப் பார்த்திருக்கிறார். முன்பக்கம் இடைவேளைக் கூட்டம், பில், இரைச்சல். வேலை அதிகம்போல என்று திரும்பிவிட்டார். அவர் திரும்பிய பிறகுதான் உள்ளே உங்கள் அக்கா விழுந்தது. ஆம்புலன்ஸ் பின்சந்து வழியாக வந்து போனது. கணவருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தக் குழப்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சர்வருக்குத்தான் ஞாபகம் வந்து, போய் அந்தப் பக்கக் கதவைத் தட்டியிருக்கிறார். கதவுக்காரர் உங்கள் அக்காதான் என்று நினைத்துத் திறந்தார். கீற்று வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் அத்தான் வழக்கப்படி கையை நீட்டி, அக்கா உட்காருவதற்காக அந்த ஓரத்து இருக்கையை அழுத்திக் கீழே இறக்கிப் பிடித்தாராம். பின்வரிசைக்கு மறைக்கக் கூடாதே என்று சர்வர் குனிந்து வந்து, அதில் உட்கார்ந்துதான் காதில் சொல்லியிருக்கிறார்.

"நான் உக்காந்ததும் சிரிச்ச முகத்தோட திரும்பினார்ம்மா. அந்த முகம் இன்னும் என்னை விடல." இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து கரண்டிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் தெரியும் என்று சொன்னேன். ஊசியை வாரிலேயே குத்தி வைத்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார், "நான் தொட்டுப் பாத்தேன்." உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தங்கச்சிதான் சொல்லிக் கொடுத்தா. தொட்டுப் பாத்தும் தெரியலன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு தாங்குமா?" என்றார்.

நீங்கள் ஒரு நர்ஸ். குளிர்ந்த நெற்றிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். 

*

மே 3

உங்கள் கடிதம் என் அலமாரியில் துணிகளுக்கு நடுவில் இவ்வளவு நாள் இருந்தது. கிழிக்க முடியவில்லை.

குளிர்ந்து வியர்த்த நெற்றிதான் பயப்பட வேண்டிய நெற்றி. வார்டில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அதுதான். காய்ச்சல்காரர் காத்திருக்கலாம், சில்லிட்டவரை முதலில் பாருங்கள் என்று வாய் வலிக்கச் சொல்வேன். அதை அத்தானுக்குச் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் வீட்டு வேடிக்கையைத்தான் சொன்னேன். அவரும் அப்படியே செய்திருக்கிறார். எழுந்து போயிருக்கிறார், தொட்டிருக்கிறார், துடைத்துவிட்டிருக்கிறார். நாங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை.

அவர் கேட்டது சரிதான். நான் தாங்கியிருக்க மாட்டேன். இப்போதும் தாங்குகிறேனா என்று தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடம் அவர் என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தது எனக்காக என்று தெரிந்த பிறகு, பழையபடி கோபமாக இருக்கவும் முடியவில்லை. கோபம் இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவள். எப்போதாவது உப்பு கூடிவிட்டால், எழுந்து நின்று என் நெற்றியை நானே தொட்டுப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அது என் கைபோல் இருப்பதில்லை. மாவு காய்ந்த விரல்போல் சொரசொரப்பாக இருக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று எழுதியது நான்தான். புது ஸ்பிரிங் என்று நீங்கள் எழுதிய வரியைத்தான் அதிகம் தடவை படித்திருக்கிறேன். அந்த வாசனை, வெங்காயமா முதலில் வந்தது, சோப்பா? அவள் கிட்டே வந்தால் சோப்புதான் முதலில் வரும். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெங்காயம்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் மேலே ஒன்றும் போடவில்லை.

*

மே 21

அன்புள்ள நர்ஸம்மா,

ஒன்றும் போடாமல் எழுதுங்கள், எனக்குப் போதும்.

சோப்புதான் முதலில் வந்தது. உங்கள் கடிதத்தைப் பார்த்து இப்போது சொல்லவில்லை, அப்போதே அப்படித்தான். கடிதத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கட்டடத்தின் லிஃப்டில் நின்று படித்தாரோ, சாயங்காலம் வந்தபோது கண் சிவந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தார். அன்று கடையில் கூட்டம், நான் களைத்துப்போய் அவசர அவசரமாகச் சமைத்திருந்தேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வாய் வைத்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உப்பு ஜாஸ்தி என்று புருஷன் சொன்னதற்கு ஆனந்தப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மேசையைச் சுற்றி வந்து என் நெற்றியைத் தொட்டார். பிறகு மணிக்கட்டு. பிறகு கழுத்து. 'எனக்கு ஒன்றும் இல்லை, கவனக்குறைவுதான்' என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. செருப்பை மாட்டு என்று தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். இவர் உள்ளதைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.

திரும்பி வரும் வழியில் முதல் முறையாக அவர் உங்கள் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நாடகத்தின் முதல் காட்சியை வீட்டுக்குப் போகும் வழியில் இவர் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே போவாராம். சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும், வாசலில் நின்று மீதியைச் சொல்வாராம். அக்கா போன அன்றைய நாடகத்தின் முதல் காட்சி மட்டும் இவரிடமே தங்கிவிட்டது. அதை இப்போது என்னிடம் சொன்னார். வாசலில் நின்றுதான் கேட்டு முடித்தேன். என்னோடு இன்னொருவரும் நின்று கேட்பதுபோல் இருந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் நான் இருப்பேன். உங்கள் அக்காவும் இருக்கட்டும், இடம் இருக்கிறது.

இத்துடன் ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. இந்த முறை நான்கு எடுத்திருக்கிறோம். ஓரத்து இருக்கை அக்காவுடையது. அதற்கு அடுத்தது வழக்கமாக அவருடையது. அதை உங்களுக்குக் கொடுக்கச் சொன்னார். "அவ பக்கத்துல தங்கச்சி உக்காரட்டும்" என்றார். பக்கக் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் கையை நீட்டி இருக்கையை அழுத்திப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இனி அது உங்கள் வேலை.

மணிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், மூலை மேசையைச் சொல்லி வைத்திருக்கிறோம். சாப்பாடு நன்றாக இருக்காது. மூன்று பேருமாக அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் உள்ளே பார்த்துவிட்டு வருவோம்.